வீட்டில் ஒருவராய் இருந்த குரல்

2010 மே 6, வியாழக்கிழமை. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரிலுள்ள கொமெரிக்கா பார்க் பேஸ்பால் அரங்கத்தின் கதவுகள் காலையிலேயே திறந்துவிட்டன. அன்று அங்கே ஆட்டம் எதுவும் இல்லை. டிக்கெட் விற்பனையும் இல்லை. ஆனாலும் வாசலில் நீண்ட வரிசை. டைகர்ஸ் அணியின் தொப்பியை அணிந்த முதியவர்கள், குழந்தைகளைக் கையில் பிடித்த பெற்றோர்கள், வேலைக்குப் போகும் வழியில் வந்தவர்கள். உள்ளே ஒரு வெண்கலச் சிலை. அதன் அருகே வைக்கப்பட்டிருந்த சவப்பெட்டியில் 92 வயது முதியவர் ஒருவரின் உடல். அன்று பகலும் இரவும் அந்த உடலைக் கடந்து சென்றவர்கள் பத்தாயிரத்துக்கும் மேல்.

இறந்தவர் விளையாட்டு வீரர் அல்ல. டைகர்ஸ் அணிக்காக ஒரு பந்தைக்கூட எறிந்ததில்லை, அடித்ததும் இல்லை. அவர் பெயர் எர்னி ஹார்வெல். 42 பருவங்கள் அந்த அணியின் ஆட்டங்களை நேர்முக வர்ணனை செய்தவர். வரிசையில் நின்றவர்களில் பலர் அவருடன் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார்கள். அவருக்கு அவர்கள் யாரென்றே தெரியாது. ஆனாலும் பெரியப்பா செத்துப்போன வீட்டுக்கு வருவதுபோலத்தான் அவர்கள் வந்தார்கள்.

பேஸ்பால் வர்ணனையாளருக்கு இப்படிப்பட்ட மரியாதை கிடைப்பது புதிதல்ல. 2002-ல் ஜேக் பக் இறந்தபோது செயின்ட் லூயிஸ் நகரத்தின் அரங்கிலும், 2009-ல் ஹாரி காலஸ் இறந்தபோது ஃபிலடெல்ஃபியா அரங்கிலும் ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்றார்கள். சாதனை வீரர்களின் பிரிவுக்கு இரங்குவது புரிகிறது. ஆட்டத்தைப் பார்த்துச் சொன்னவருக்காக ஒரு நகரமே ஏன் அழுகிறது?

விடையில் ஒரு பகுதி அந்த ஆட்டத்தின் கணக்கிலேயே இருக்கிறது. அமெரிக்காவின் பெரிய பேஸ்பால் அணி ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஆறு மாதத்தில் 162 ஆட்டங்கள் ஆடுகிறது. அதாவது அநேகமாகத் தினமும் ஓர் ஆட்டம். ஒவ்வொன்றும் இரண்டரை, மூன்று மணி நேரம். அதில் பெரும்பகுதி எதுவும் நடக்காத நேரம். பந்து எறிபவர் தொப்பியைச் சரிசெய்வார், மட்டையாளர் ஓரடி பின்வாங்குவார், கேட்சர் விரலால் ஜாடை காட்டுவார். வானொலியில் அந்த இடைவெளிகளை நிரப்ப வேண்டியவர் வர்ணனையாளர். வருஷத்தில் பாதி நாள், மாலை நேரத்தில், வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும் மனிதர் அவர். கட்டிக்கொடுத்த மகளின் குரலைக்கூட அத்தனை மணி நேரம் கேட்க வாய்ப்பில்லை.

கிரிக்கெட்டை டிரான்சிஸ்டரில் கேட்டு வளர்ந்த நம்மூர்த் தலைமுறைக்கு இது ஓரளவு விளங்கும். ஆனால் இங்கே டெஸ்ட் ஆட்டம் திருவிழா மாதிரி எப்போதாவது வந்து போகும். அங்கே பேஸ்பால் அன்றாடச் சோறு.

ஹார்வெல் 1918 ஜனவரி 25 அன்று தெற்கு மாநிலமான ஜார்ஜியாவில், வாஷிங்டன் என்ற சிற்றூரில் பிறந்தார். சிறுவயதில் அவருக்கு நாக்கு சரியாகப் புரளாது. சில எழுத்துகள் வாயில் சிக்கிக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் கேலி செய்வார்கள். பேச்சுப் பயிற்சிக்கு அனுப்பிச் சரிசெய்தார்கள். பின்னாளில் ஒரு மாநிலத்துக்கே பரிச்சயமான குரல், பேசவே தயங்கிய ஒரு பையனிடமிருந்து வந்தது. அவர் வேகமாகப் பேசாததற்கும், பேச்சை நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தியதற்கும் இந்தப் பழைய அனுபவமும் ஒரு காரணமோ என்று தோன்றும்.

அவர் பெரிய அணிகளுக்கு வந்த கதை விசித்திரமானது. 1948-ல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் வர்ணனையாளர் ரெட் பார்பருக்கு உடல்நலம் கெட்டது. மாற்று ஆளாக, அட்லான்டாவில் சிறிய அணி ஒன்றுக்கு வர்ணனை செய்துகொண்டிருந்த ஹார்வெலைக் கேட்டார்கள். அட்லான்டா அணியின் உரிமையாளர் சும்மா அனுப்பத் தயாராயில்லை. பதிலுக்கு ஒரு கேட்சர் வேண்டும் என்றார். கிளிஃப் டேப்பர் என்ற வீரர் அட்லான்டாவுக்குப் போனார், ஹார்வெல் புரூக்ளினுக்கு வந்தார். ஆட்டக்காரரைக் கொடுத்து வர்ணனையாளரை வாங்கியது பேஸ்பால் வரலாற்றில் அந்த ஒரு முறைதான். பண்டமாற்றின் இரு பக்கத்தாரும் முதன்முதலாக நேரில் சந்தித்தது 54 வருஷம் கழித்து, 2002-ல், டெட்ராய்டில் ஹார்வெலின் சிலை திறக்கப்பட்டபோது.

நியூயார்க், பால்டிமோர் என்று சுற்றிவிட்டு 1960-ல் அவர் டெட்ராய்டுக்கு வந்தார். ஒவ்வொரு வருஷமும் பருவம் தொடங்கும்போது, பைபிளின் உன்னதப்பாட்டிலிருந்து மாரிக்காலம் போய் வசந்தம் வருவதைச் சொல்லும் சில வரிகளைத் தெற்கத்தி இழுவையோடு சொல்லித் தொடங்குவார். மிச்சிகன் கடுங்குளிர்ப் பிரதேசம். ஏப்ரலில்கூடப் பனி விழும். காலண்டர் எதைச் சொன்னாலும், ஹார்வெல் அந்த வரிகளைச் சொன்ன பிறகுதான் குளிர்காலம் முடிந்ததாக அங்கே பலருக்குக் கணக்கு.

அவருடைய வர்ணனையில் கத்தல் கிடையாது. மட்டையை அசைக்காமல் பந்தைப் போகவிட்டு ஆட்டமிழந்தவரைச் சாலையோரத்து வீடு மாதிரி நின்றார் என்பார். ஒரே அடியில் இரண்டு பேர் ஆட்டமிழந்தால் ஒரு விலைக்கு இரண்டு சரக்கு என்று கடைக்காரர் பாணியில் சொல்வார். பேச ஒன்றுமில்லாதபோது பேசாமல் இருப்பார். அந்த நேரத்தில் வானொலிப் பெட்டியிலிருந்து அரங்கத்தின் இரைச்சல் மட்டும் வரும். தின்பண்டம் விற்பவரின் கூவல் கேட்கும். கேட்பவர் தன் சமையலறையில் இருந்தபடியே அரங்கத்திலும் இருப்பார்.

இன்னொரு வழக்கமும் அவருக்கு இருந்தது. பேஸ்பாலில் கோட்டுக்கு வெளியே பார்வையாளர் பகுதிக்குள் விழும் பந்தைப் பிடித்தவர் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகலாம். கிரிக்கெட் போலத் திருப்பி எறிய வேண்டியதில்லை. அப்படி யாராவது பந்தைப் பிடித்தால் ஹார்வெல், இன்ன ஊர்க்காரர் ஒருவர் அந்தப் பந்தை எடுத்துக்கொண்டு போகிறார் என்று சொல்வார். ஒரு நாள் சாகினா, ஒரு நாள் ஃப்ளின்ட், ஒரு நாள் இப்சிலான்டி. மாநிலத்தின் சின்னச் சின்ன ஊர்ப் பெயர்களெல்லாம் அவர் வாயில் வரும். கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவரின் ஊர் இவருக்கு எப்படித் தெரிந்தது என்று பிள்ளைகள் வியந்தார்கள். அவருக்குத் தெரியாது. எல்லாம் வாய்க்கு வந்த ஊர். ஆனால் அந்தப் பொய்யைக் கேட்டவர்கள் தங்கள் ஊர்ப் பெயர் எப்போது வரும் என்று காத்திருந்தார்கள். வந்தபோது, பந்தைத் தாங்களே பிடித்ததுபோல மகிழ்ந்தார்கள்.

ஆட்டங்களை ஒலிபரப்பிய டபிள்யூ.ஜே.ஆர். நிலையம் 50,000 வாட் சக்தி கொண்டது. இரவில் அதன் அலைகள் பல மாநிலங்களைத் தாண்டிப் போகும். டைகர்ஸ் அணி கலிஃபோர்னியாவில் ஆடும் நாட்களில், மூன்று மணி நேர வித்தியாசத்தால், டெட்ராய்டில் ஆட்டம் தொடங்கவே இரவு பத்து மணியாகிவிடும். மறுநாள் பள்ளிக்கூடம். அப்பா விளக்கை அணைத்துவிட்டுப் போன பிறகு, தலையணைக்கு அடியில் டிரான்சிஸ்டரை வைத்துக் காதை அழுத்திக்கொண்டு படுத்த பையன்கள் அந்த மாநிலத்தில் ஏராளம். பிற்பாடு தெரியவந்தது, அப்பாக்களில் பலருக்கு அது தெரியும் என்பது.

அந்தக் குரலுக்குச் சோதனைக் காலங்களும் இருந்தன. 1967 ஜூலையில் டெட்ராய்டில் பெரும் கலவரம். 43 பேர் செத்தார்கள். தெருத் தெருவாகக் கட்டடங்கள் எரிந்தன. கறுப்பரும் வெள்ளையரும் ஒருவரை ஒருவர் சந்தேகித்த நகரத்தில், மறுவருஷம் டைகர்ஸ் அணி உலகத் தொடர் இறுதிப் போட்டிக்கு வந்தது. உள்ளூர் ஆட்டங்களில் தேசிய கீதம் பாடுபவர்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு ஹார்வெலிடம் இருந்தது. 1968 அக்டோபர் 7 அன்று நடந்த ஐந்தாவது ஆட்டத்துக்கு அவர் அழைத்தது ஹோசே ஃபெலிசியானோ என்ற 23 வயதுப் பாடகரை. புவேர்ட்டோ ரிக்கோவில் பிறந்தவர், பார்வையற்றவர். கிதாரை மீட்டிக்கொண்டு, வழக்கமான மெட்டை விட்டு, தன் பாணியில் நிறுத்தி நிதானமாகப் பாடினார். வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த நேரம். தேசத்தை அவமதித்துவிட்டார் என்று நாடெங்கும் கூச்சல். அழைத்தவரின் வேலையே போகலாம் என்ற நிலை.

ஹார்வெல் பின்வாங்கவில்லை. பாடியவருக்குத் துணை நின்றார். டைகர்ஸ் அந்தத் தொடரை வென்றது. முதல் வருஷம் தீயும் புகையுமாக இருந்த தெருக்களில் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து கூத்தாடினார்கள். ஒரு பேஸ்பால் வெற்றி ஒரு நகரத்தின் காயத்தை ஆற்றிவிடாது, ஆற்றவும் இல்லை. ஆனால் இரு தரப்பு வீடுகளிலும் ஒரே நேரத்தில் கேட்ட குரல்களில் ஹார்வெலின் குரலும் ஒன்று என்பதை அந்த நகரம் மறக்கவில்லை.

1981-ல் பேஸ்பால் வர்ணனையாளர்களுக்கான உச்ச கௌரவமான ஃபோர்டு ஃபிரிக் விருது அவருக்குக் கிடைத்தது. பணியில் இருக்கும்போதே அதைப் பெற்ற முதல் ஆள் அவர். ஆனால் 1990 டிசம்பரில், வரும் பருவத்தோடு அவர் வேலை முடிகிறது என்ற அறிவிப்பு வந்தது. அவராக விரும்பி விலகவில்லை, விலக்கப்படுகிறார் என்பதை ஹார்வெலே சொல்லிவிட்டார். மாநிலம் கொதித்தது. அணி நிர்வாகத்துக்கும் வானொலி நிலையத்துக்கும் கண்டனங்கள் குவிந்தன.

நிர்வாகத்தின் பார்வையில் அது சாதாரண விஷயம். 73 வயதாகப் போகும் ஊழியரை அனுப்பிவிட்டு இளையவரை நியமிப்பது எந்த நிறுவனமும் செய்வது. ஆனால் கேட்பவர்களின் பார்வையில், தங்கள் வீட்டில் இருக்கும் ஒருவரை வெளியார் வந்து வெளியேற்றுகிறார்கள். அந்தக் குரல் யாருடைய சொத்து என்ற கேள்வி முதன்முதலாக வெளிப்படையாக எழுந்தது அப்போதுதான். சம்பளம் கொடுத்தவருடையதா? சாப்பாட்டு மேஜையில் இடம் கொடுத்தவருடையதா? 1992-ல் வானொலியில் வேறு குரல்கள் கேட்டன. அவர்கள் ஹார்வெலாக இல்லை என்பதே அவர்கள் செய்த ஒரே குற்றம். அதே ஆண்டு மைக் இலிச் அணியை விலைக்கு வாங்கினார். 1993-ல் ஹார்வெல் மீண்டும் ஒலிபெருக்கிக்கு முன்னால் உட்கார்ந்தார்.

2002 செப்டம்பர் 29 அன்று, கனடாவின் டொரான்டோவில் நடந்த ஆட்டத்தோடு அவர் ஓய்வு பெற்றார். பெரிய அணிகளுக்கு வர்ணனை செய்த 55 வருஷங்களில் அவர் தவறவிட்டவை இரண்டே ஆட்டங்கள். ஒன்று சகோதரரின் சவ அடக்கத்துக்காக, மற்றது தனக்குத் தரப்பட்ட ஒரு கௌரவத்தைப் பெற்றுக்கொள்வதற்காக. விடைபெறும்போது அவர் சாதனைகளைப் பட்டியலிடவில்லை. தன்னைக் குடும்பத்தில் ஒருவராகச் சேர்த்துக்கொண்டதற்கு நன்றி சொன்னார். ஏரிக்கரைக்கும் வேலையிடத்துக்கும் கொல்லைப்புறத்துக்கும் தன்னைக் கூட்டிக்கொண்டு போனதற்கு நன்றி சொன்னார். தலையணைக்கடியில் டிரான்சிஸ்டரை ஒளித்து வைத்ததற்கும் நன்றி சொன்னார். அவருக்கு அது தெரிந்திருந்தது.

2009 செப்டம்பரில், பித்தநாளத்தில் புற்றுநோய், அறுவைச் சிகிச்சைக்கு வழியில்லை என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். அதே மாதம் 16-ஆம் தேதி கொமெரிக்கா பார்க்கில் ஓர் ஆட்டத்தின் நடுவே அவர் மைதானத்துக்கு வந்தார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. இருபுறத்து வீரர்களும் எழுந்து நின்றார்கள். சாகப் போகும் மனிதர், கலங்காத குரலில், மிச்சிகன் மக்களுக்கு நன்றி சொன்னார். அழுதவர்கள் பார்வையாளர்கள். தேற்றியவர் அவர்.

அந்த மாதம் டெட்ராய்ட் இழந்தவை இன்னும் சில உண்டு. ஹார்வெல் பல ஆண்டுகள் வர்ணனை செய்த பழைய டைகர் ஸ்டேடியம், 1999-லேயே ஆட்டங்களை நிறுத்திக்கொண்டது, அந்தச் செப்டம்பரில் முழுவதுமாக இடிக்கப்பட்டது. அந்த ஆண்டின் நடுவில்தான் நகரத்தின் ஜீவாதாரமான ஜெனரல் மோட்டார்ஸ், கிரைஸ்லர் நிறுவனங்கள் திவால் சட்டத்தின் பாதுகாப்பை நாடியிருந்தன. 1950-ல் 18 லட்சத்துக்கும் அதிகமாக இருந்த நகர மக்கள்தொகை 2010 கணக்கெடுப்பில் ஏழு லட்சத்துச் சொச்சம். வீடுகள் காலியாகி, தெருக்கள் காலியாகி, பிள்ளைகள் வேலை தேடி வேறு மாநிலங்களுக்குப் போய்விட்ட ஊர். மிச்சமிருந்த பழைய அடையாளங்களில் ஒன்று அந்த முதியவர். 2010 மே 4 அன்று அவரும் போனார்.

இந்தத் துக்கத்தை ஐயத்தோடு பார்ப்பவர்களும் உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. இது ஒருதலை உறவு. அந்த மனிதர் சம்பளத்துக்குப் பேசினார். இடையிடையே விளம்பரதாரர்களின் சரக்கையும் விற்றுக் கொடுத்தார். கேட்பவரின் பெயரோ நோயோ கடனோ அவருக்குத் தெரியாது. நேரில் பழகாத ஒருவருக்காக அழுவது தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் கதையல்லவா?

ஆனால் வரிசையில் நின்றவர்கள் அவரைப் பற்றி மட்டும் நினைத்துக்கொண்டிருக்கவில்லை. அந்தக் குரல் தனியாக யார் நினைவிலும் இல்லை. காரின் அடியில் படுத்து எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்த அப்பா அதோடு சேர்ந்து இருக்கிறார். கண் தெரியாமல் போன பாட்டி மாலை முழுவதும் கேட்டுக்கொண்டிருந்த பெட்டி இருக்கிறது. கோடை இரவில் திண்ணையில் உட்கார்ந்து, வாய்ப்பேச்சு அதிகமில்லாமல், ஒன்பது இன்னிங்ஸ் முழுவதும் பக்கத்தில் பக்கத்தில் இருந்த அப்பாவும் மகனும் இருக்கிறார்கள். மனம் விட்டுப் பேசத் தெரியாத ஆண்களுக்கு, பேசாமல் சேர்ந்திருக்க அந்தக் குரல் ஒரு சாக்கு. வர்ணனையாளருக்கும் கேட்பவருக்கும் இடையே இருந்தது ஒருதலை உறவுதான். அந்தக் குரலைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களுக்குள் இருந்தது இருதலை உறவு. அப்பா இறந்து பல வருஷமாகியிருக்கலாம். ஆனாலும் ஏப்ரல் பிறந்து அந்தக் குரல் ஒலித்தால், அவர் உட்கார்ந்த நாற்காலி ஒரு கணம் காலியாக இல்லாதது போல இருக்கும். அந்தக் கணம் இனி வராது என்பதே துக்கம்.

அப்பாவின் மரணத்துக்கு வீட்டார் மட்டும் அழுதார்கள். இதற்கு ஒரு மாநிலமே சேர்ந்து அழ முடிந்தது. அதிலும் ஓர் ஆறுதல் உண்டு.

இன்று ஆட்டத்தைக் கையிலுள்ள தொலைபேசியில் பார்க்கலாம். அவரவர் திரை, அவரவர் காதில் கருவி. வேண்டிய இடத்தை மட்டும் திரும்பப் பார்த்துவிட்டு மூடிவிடலாம். வசதிதான். ஒரு தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தால், வீட்டுக்கு வீடு திறந்த ஜன்னல் வழியே ஆட்டம் விட்டுப்போகாமல் காதில் விழும் என்று டெட்ராய்ட் பெரியவர்கள் சொல்லும் கோடை மாலைகள் மட்டும் அதில் இல்லை.

2010 மே 10 அன்று கொமெரிக்கா பார்க்கில் ஹார்வெலுக்கு அஞ்சலி. தேசிய கீதம் பாட ஹோசே ஃபெலிசியானோ வந்திருந்தார். வயது 64. கிதாரோடு, 1968-ல் பாடிய அதே பாணியில் பாடினார். இம்முறை யாரும் கூச்சலிடவில்லை.

அதற்கு நாலு நாள் முன்னால், இரவு முழுவதும் திறந்திருந்த அரங்கத்தில், மக்கள் ஒருவர் பின் ஒருவராக நகர்ந்துகொண்டிருந்தார்கள். மாநிலத்தின் பல மூலைகளிலிருந்தும் கார் ஓட்டி வந்தவர்கள். பந்து பிடித்தவருக்கெல்லாம் வாய்க்கு வந்த ஊரைச் சொல்லிக்கொண்டிருந்தவர் கண்மூடிக் கிடந்தார். அவர் பெயர் சொன்ன ஊர்களெல்லாம் வரிசையில் நின்றன.